உப்பில் வைத்த கிட்டார்

மரக்காணம்,
அக்டோபர் 9.

அன்புள்ள அசோகனுக்கு,

சிங்காரம் எழுதுகிறேன். உறையின் பின்னால் பெயர் போடாமல் விட்டது வேண்டுமென்றேதான். பெயரைப் பார்த்தால் பிரிக்காமலே வீசிவிடுவாய். இத்தனை வரி படித்துவிட்டாய், மீதியையும் படித்துவிடு. நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். மஸ்கட்டில் நீ சுகமாக இருப்பதாக உன் தங்கை சரஸ்வதி சொன்னாள். முகவரியை எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். என் முகத்தைப் பார்க்காமலே கொடுத்தாள்.

இங்கே உப்பு வாரி முடிந்துவிட்டது. வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, குவியல்களுக்கு ஓலை போர்த்திக்கொண்டிருக்கிறோம். நான் இப்போது மேஸ்திரி. பாத்தியில் இறங்க முட்டி விடுவதில்லை, கரையில் நின்று கத்துவதோடு சரி. அம்சவள்ளிக்குச் சர்க்கரை. மகள் பூவிழி திண்டிவனத்தில் நர்ஸாக இருக்கிறாள். நான் தபேலாவைத் தொட்டு இருபத்தைந்து வருஷம் ஆகிறது. ஏன் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், மகள், மனைவி, மாதா கோவில் சாமியார். கை வலி என்று சொல்லி வைத்திருந்தேன்.

போன புதன்கிழமை ஒரு பெண் வந்தாள். பெயர் ஜான்சி. முப்பது வயது இருக்கும். வாசலில் நின்று, "சிங்காரம் அங்கிள் வீடுங்களா? நான் டென்சில் மாஸ்டரோட பேத்தி" என்றாள். அதே மூக்கு அசோகா. நாற்காலி எடுத்துப் போடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மாஸ்டருடைய பேஸ் கிட்டார் கிடைத்துவிட்டது. அந்த அறுபத்து நாலாம் வருஷத்து அமெரிக்கக் கிட்டார்தான். எத்தனை சினிமாப் பாட்டுக்கு அடியில் அதுதான் உறுமிக்கொண்டு கிடந்தது என்று உனக்குத் தெரியாதா. பெங்களூரில் ஒரு பையனிடம் இருக்கிறதாம். தலைப்பக்கம் மாஸ்டர் சிகரெட்டைச் செருகிச் செருகிக் கருகிய தழும்பை, பழைய போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாள். அதற்குப் பிறகு அந்தக் கிட்டார் யார் யார் கையில் இருந்தது என்று ஒவ்வொரு ஆளாகத் தேடிப் பின்னோக்கி வந்திருக்கிறாள். பெங்களூர் பையனுக்கு விற்றவர் ஆரோவில்லில் கிட்டார் ரிப்பேர் செய்யும் ஒரு வெள்ளைக்காரர். அவருக்குக் கொடுத்தது இடையஞ்சாவடி தச்சுப் பட்டறை. பட்டறைக்குக் கொடுத்தது கிளியனூரில் பழைய இரும்பு எடுக்கும் தட்சணாமூர்த்தி. அவருக்கு இப்போது எண்பது வயது, கண் தெரியவில்லை. ஆனால் ஞாபகம் மட்டும் போகவில்லை பாவி மனுஷனுக்கு. "மரக்காணத்துல தபேலா வாசிக்கிற ஒருத்தரு குடுத்தாரும்மா" என்று சொல்லிவிட்டார்.

அவள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். வரிசையாகப் பெயர்கள். எல்லாப் பெயருக்கும் எதிரில் வருஷம், கையெழுத்து. உன் பெயருக்கு எதிரில் மட்டும், வேறு ஒரு கையெழுத்தில், "திருட்டு" என்று இருந்தது. அவளுடைய அப்பா எழுதியதாம்.

நான் விற்றுத் தின்றுவிட்டேன் என்றுதான் நீ நினைத்திருப்பாய். இத்தனை வருஷமும் அப்படியே நினைக்கட்டும் என்றுதான் விட்டிருந்தேன். நடந்தது அதைவிடக் கேவலம்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அந்த அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் பெரம்பூருக்கு மாஸ்டர் வீட்டுக்குப் போனோமே, நான் ஒரு பை கருவாடு தூக்கிக்கொண்டு வந்தேனே. எட்டு வருஷம் அவருக்கு ஆம்ப் பெட்டி தூக்கி, தந்தி மாற்றி, சுருதி சேர்த்துக் கொடுத்தவன் நீ. கிட்டாரை உன் மடியில் வைத்து, "இனிமே இது உன் சாமான் மேன். நடுங்கற கைக்கு இது ஆவாது" என்று அவர் சொன்னபோது அறையில் மூன்றே பேர்தான். அவர், நீ, நான். உன் சூளைமேடு அறையில் மழை வந்தால் முழங்கால் தண்ணீர் என்று, கிட்டாரை என்னிடம் கொடுத்தனுப்பினாய். "பத்திரம்டா" என்று பஸ் ஜன்னல் வழியாக ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னாய்.

பத்திரமாகத்தான் வைத்தேன். அந்த வருஷ மழைக்கு என் வீட்டுக் கூரையும் ஒழுகியது. புளியை உப்புப் போட்டுத்தான் வைக்கிறோம், மாங்காயை உப்பில் போடுகிறோம், மீன் உப்பில் கெடாமல் கிடக்கிறது. உப்புக்காரன் புத்தி வேறு எங்கே போகும்? கிட்டார்ப் பெட்டியை இரண்டு யூரியா சாக்கில் சுற்றி, விற்காமல் கிடந்த குவியலின் வயிற்றில் புதைத்து, மேலே ஓலை போர்த்தினேன். மழை ஈரம் கிட்டாரை அண்டாமல் உப்பு குடித்துவிடும் என்று நினைத்தேன். செய்துவிட்டுப் பெருமையாகத் தூங்கினேன்.

பொங்கல் கழித்துக் குவியலைப் பிரித்தேன். அதற்குள் மாஸ்டர் செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. உப்பு, ஈரத்தைக் குடித்துக் கிட்டாருக்கே ஊட்டியிருந்தது. தொட்டதும் தந்தி பொடிந்தது. சுருதிச் சாவி நாலும் பச்சைக் களிம்பு பிடித்துத் திரும்பவில்லை. வார்னிஷ் தோல் மாதிரி உரிந்து கையோடு வந்தது. கருவாட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தபோதுதான் மாஸ்டருடைய மகன் காரில் வந்தார், கூட இரண்டு பேர். "அசோக் சொல்றான், கிட்டாரு உங்ககிட்ட இருக்குது, அப்பா குடுத்தப்ப நீங்க கூட இருந்தீங்கன்னு. நிஜமா?" என்று கேட்டார். கிட்டார் அப்போது வீட்டுக்குப் பின்னால் சாக்குக்கு அடியில் கிடந்தது. ஆமாம் என்றால் எடுத்துக் காட்ட வேண்டும். எடுத்துக் காட்டினால் அவ்வளவு பெரிய மனுஷன் சாமானை உப்பில் புதைத்த முட்டாள் எவன் என்று ஊரே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து, "எந்தக் கிட்டாருங்க? எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

அந்த ஒரு வாய்ச்சொல்லில் உன் பெயர் போனது, ரெக்கார்டிங் வேலை போனது. ஒரு நாள் நீ வந்து கரையில் நின்றாய். என்னைப் பார்த்தாய், பாத்தியைப் பார்த்தாய், அடுத்த பஸ்ஸில் போய்விட்டாய். நீ என்னை அடித்திருக்கலாம் அசோகா. அடுத்த வாரம் கிட்டாரைத் தட்சணாமூர்த்தியிடம் போட்டு இரண்டு பிளாஸ்டிக் குடம் வாங்கினேன். அதில் ஒரு பச்சைக் குடம் போன வருஷம்தான் உடைந்தது. அதுவரை அதில் தண்ணீர் குடித்திருக்கிறேன்.

சரி, ஜான்சிக்கு வருகிறேன். "தாத்தா குடுத்ததை நீங்க பாத்தீங்களா அங்கிள்?" என்று கேட்டாள். இத்தனைக்குப் பிறகும், ஞாபகம் இல்லையம்மா என்றேன். இரண்டாம் தடவை. அவள் கோபப்படவில்லை. போனை எடுத்து ஒரு படம் காட்டினாள். கிட்டார் முகத்தில் இருக்கும் பிளாஸ்டிக் தகட்டை ரிப்பேருக்காகக் கழற்றியபோது அந்த வெள்ளைக்காரர் எடுத்த படம். தகட்டுக்கு அடியில், மரத்தில், பென்சிலால் இங்கிலீஷில் நடுங்கி நடுங்கி எழுதியிருந்தது. அவளே வாசித்துச் சொன்னாள்: "அசோக்குக்கு. என் கை ஓய்ந்த பிறகு உன் கை. டென்சில்." கீழே தேதி, நாம் போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள்.

சாட்சிக்கு நான் தேவையே இல்லை. அன்றைக்குச் சாக்கை விலக்கி அந்தப் பாழாய்ப்போன கிட்டாரைக் காட்டியிருந்தால் போதும். எவனாவது ஒருத்தன் திருகாணியைக் கழற்றியிருப்பான். உன்னைக் காப்பாற்றும் எழுத்தை உப்பில் புதைத்து, பிறகு குடத்துக்குப் போட்டிருக்கிறேன்.

"அப்புறம் ஏன் எங்கப்பாகிட்ட இல்லைன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். அதற்காகத்தான் வந்தாளாம். அம்சவள்ளி நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அன்றுவரை தெரியாது. சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அம்சவள்ளி, "உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆவணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நோட்டை வாங்கி, "திருட்டு" என்ற எழுத்தை நானே அடித்தேன். அதன் கீழே எழுதினேன்: சொந்தக்காரர் அசோகன். காவலுக்கு வைத்திருந்தவன் சிங்காரம். கெடுத்தவனும் அவனே, பொய் சொன்னவனும் அவனே. கையெழுத்துப் போட்டேன். படித்துவிட்டு அவள் அழுதாள். அவளுடைய அப்பா படுக்கையில் இருக்கிறாராம். உன்னிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்கிறாராம். பெங்களூர் பையனும் நல்லவன் போலிருக்கிறது, இது யாருடையதோ அவர் முதலில் வந்து வாசிக்கட்டும், பிறகு அவர் சொல்கிறபடி செய்கிறேன் என்றிருக்கிறான்.

அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பின்பக்கம் ஜான்சியின் நம்பர் இருக்கிறது. எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவளைக் கூப்பிடு. மன்னித்துவிடு என்று கேட்கும் தைரியம் இன்னும் எனக்கு வரவில்லை. வந்தால் நேரில் கேட்கிறேன், நீ நிற்கச் சொல்லும் தூரத்தில் நின்று.

உன் கையும் இருபத்தைந்து வருஷம் வாசிக்காத கையாக இருக்கலாம். இருந்தாலும் உன் கைக்கு மட்டும் நடுக்கம் வந்துவிடக் கூடாது என்று மாதாவிடமும் திரௌபதி அம்மனிடமும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். நடுங்குவதற்கு இங்கே ஒரு ஜோடி கை இருக்கிறது, அது போதும்.

இப்படிக்கு,
நீ "பத்திரம்டா" என்று மூன்று தடவை சொன்ன
சிங்காரம்