அப்பாவின் கோட்டு நுனி

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன், நம்பாதே. போனில் சொன்னால் என்ன என்பாய். நான் போனை எடுத்தாலே உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி என்னத்தைச் சொல்ல? உன்னிடம் நன்றாகத்தான் பேசுகிறார். சாப்பிட்டியா, அங்க குளிரா, வேலை எப்படிப் போவுது என்று மூன்றையும் கேட்டுவிட்டு என் கையில் கொடுத்துவிடுகிறார். நீ நாலாவதாக ஒன்று கேட்டால் விழிப்பார்.

போன சனிக்கிழமை அரங்கத்தில் ரஷ்ய இசைக் கச்சேரி. வெளியூரிலிருந்து ஓர் அம்மாள் வந்து தனி வயலின் வாசித்தாள், உன் வயதுதான் இருக்கும். அப்பாவுக்கு வழக்கம்போலக் கடைசி வரிசை, அந்த இரண்டு பித்தளைத் தட்டுகளும் மடியில். ஊரெல்லாம் ஜால்ராக்காரர் என்று கேலி செய்தாலும் ஒருத்தருக்கும் ஜால்ரா போடாத மனுஷன், உனக்குத் தெரியாததா. அந்தப் பாட்டில் அவருக்கு ஒரே ஒரு அடிதான். அதுவரைக்கும் கட்டைவிரலால் விரல் கணுவைத் தொட்டுத் தொட்டுத் தாளத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், கடைசியில் எல்லா வாத்தியமும் பொங்கி வரும்போது எழுந்து ஓங்கி அடிக்க வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் மற்றவர்கள் எல்லோரும் நிறுத்திவிட, அந்த அம்மாள் மட்டும் தனியாக நூல் மாதிரி ஒரு ராகத்தை இழுத்தாள். நான் கண்ணை மூடியிருந்தேன். அப்போது அடித்தார், குட்டி. இடி விழுந்த மாதிரி அடித்தார். அவள் கையில் வில் துள்ளிப் போனது, முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள், எனக்கு நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. பாவம் அந்தப் பெண், மூச்சை இழுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். அதைவிடக் கொடுமை, நிஜமாகவே அடிக்க வேண்டிய இடம் வந்தபோது இவர் தன் வேலை முடிந்துவிட்டது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நடந்தது அவருக்குத் தெரியவே இல்லை. முடிந்ததும் மேடைக்குப் பின்னால் அந்த அம்மாளிடம் போய், “நல்லா வாசிச்சேம்மா, நடுவுலதான் கொஞ்சம் பயந்துட்டே, தைரியமா வாசி” என்கிறார். அவள் சரிங்க ஐயா என்று இவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை. வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டார். காலையில் எழுந்து கச்சேரி என்றைக்கு என்று கேட்டார்.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஞாபகம் இனி இறங்கத்தான் செய்யும், ஏறாது என்றுவிட்டார். மாஸ்டர், அதுதான் முன்னால் நின்று குச்சியை ஆட்டி எல்லோரையும் நடத்துகிறவர், வீட்டுக்கே வந்தார். அடுத்த மாதக் கடைசியில் இதே கச்சேரி, இதே வயலின்காரியோடு, மறுபடி இருக்கிறதாம். வேறு ஆளைப் போடச் சொல்லிக் கமிட்டி நெருக்குகிறதாம். “பக்கத்துல ஒருத்தர் உக்காந்து எண்ணிச் சொன்னா நான் அவரையே வெச்சுக்கறேன், அதுக்கு மேல என்னால முடியாதும்மா” என்றார். இந்த வீட்டில் யாருக்கு எண்ணத் தெரியும்? மேடையில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய மேளக்காரருக்குத் தன் இரண்டு கையும் போதவில்லை. உன் சித்தப்பா நான் இருக்கேன் அண்ணி என்று குதித்தார், அவர் உட்கார்ந்தால் குறட்டைக்குத்தான் தனியாக ஒருவர் தாளம் போட வேண்டும். நானே ரிக்கார்டைப் போட்டு எண்ணிப் பார்த்தேன். அந்த வயலின் தனியாக வரும் இடம் வந்ததும் அழுகை வந்து எண்ணிக்கை போய்விடுகிறது. தினமும் அங்கேயேதான் போகிறது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தத் தட்டையும் பிடுங்கிவிட்டால் காலையில் அவரை என்ன சொல்லி எழுப்புவேன்?

சின்ன வயதில் நீ அவருக்குப் பின்னால் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து கூடவே எண்ணி, இடம் வந்ததும் கோட்டு நுனியை இழுப்பாயே, அந்தக் கணக்கு உனக்கு இன்னும் மறந்திருக்காது. லீவு கிடைக்காது என்று எழுதிவிடாதே, கால் ஒடிந்தது என்று சொல்லியாவது வாங்கு. நேற்று மெதுவாக, உங்களுக்குப் பக்கத்தில் எண்ண ஓர் ஆள் வைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். “எதுக்கு வேற ஆளு? குட்டி பள்ளிக்கூடம் விட்டதும் வந்துடுவா” என்று சொல்லிவிட்டுப் பரணிலிருந்து அந்த நாற்காலியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார். சாயங்காலமானால் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை குட்டி, வந்துவிடு.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகளைச் சொல். நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியை மறக்காமல் எடுத்து வா, இசைத்தாளில் எழுத்து ரொம்பப் பொடி. அவருடைய கறுப்புக் கோட்டின் நுனி நைந்திருந்தது, இரட்டைத் தையல் போட்டுவிட்டேன். எவ்வளவு இழுத்தாலும் பிய்யாது.

உன் வரவையே நம்பி இருக்கும்,
அம்மா