டிரைவர் சீட்டுக்கு அடியில்

காளிகாட்
4 ஆகஸ்ட் 2024

சிரஞ்சீவி மதுவந்திக்கு சேஷு மாமாவின் ஆசீர்வாதம்.

போனில் என் காது ஏமாற்றுகிறது என்று கைப்பட எழுதினாயே, இப்படி ஒரு மருமாள் இந்தப் பேட்டையில் எவனுக்கும் இல்லை. உன் அப்பா விட்டுப்போன அம்பாசடர் ராஜா மாதிரி நிற்கிறது. போன வாரம் ஸ்டார்ட் செய்தேன், கோயில் வாசல் பூக்காரிகள் வரைக்கும் எழுந்து நின்றார்கள்.

டிரைவர் சீட்டுக்கு அடியில் இருப்பது கம்பெனித் தகடா, துருப்பிடித்த பிறகு வைத்த ஒட்டா என்று கேட்டிருக்கிறாய். ஒட்டாவது ஒன்றாவது. மெக்கானிக்குகளே என்னிடம் வந்துதான் சந்தேகம் கேட்கிறார்கள். நூறு சதவீதம் கம்பெனி. துர்கா பூஜை முடிந்ததும் லாரியில் கோயம்புத்தூருக்கு ஏற்றிவிடுகிறேன்.

உன் மாமா
சேஷாத்ரி

காளிகாட்
29 ஆகஸ்ட்

மதுக்கண்ணு,

சால்ட் லேக்கில் பழைய கார்கள் வைத்திருக்கும் நரேன் பாபுவை உனக்காக வரவழைத்தேன். சீட்டுக்கு முன்னால் இருந்த கால்மிதியைத் தூக்கி டார்ச் அடித்தார். "சேஷு காகு, கம்பெனி வெல்டுன்னா வட்ட வட்டமா, ஒரே இடைவெளியில புள்ளி விழும். ஓரத்துல பாருங்க. நடுவுல புழு ஊர்ந்த மாதிரி கோடு போகுதே, அது பிற்பாடு யாரோ கேஸ் வெல்டு வெச்சது. கை பழகாத ஆளு" என்றார். நானும் அதைத்தான் சொல்ல வந்தேன் என்று சமாளித்தேன்.

உனக்குக் கம்பெனி என்று எழுதியாயிற்றே, விடுவேனா. மல்லிக் பஜார் வெல்டிங் மிஸ்திரியைப் பிடித்து, அந்த ஒட்டை அப்படியே வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்து, வட்டப் புள்ளிகளும் போடச் செய்தேன். நரேன் பாபுவே கண்டுபிடிக்க முடியாது. இப்போது நான் எழுதினது உண்மையாகிவிட்டது.

மாமா

கோயம்புத்தூர்
6 செப்டம்பர்

மாமா,

அந்த ஒட்டு இருக்கிறதா என்றுதான் கேட்டேன்.

நான் மூன்றாவது படிக்கும்போது தெருவில் தண்ணீர் நின்று நின்று கார்த் தரை ஓட்டையானது. அப்பா என் டிரங்குப் பெட்டி மூடியை வெட்டி, துறைமுக வொர்க்‌ஷாப்பில் வெல்டு கற்றுக்கொண்டு, தானே வைத்தார். காருக்கு அடியில் படுத்துப் பார்த்தால் மூடியில் அவர் எழுதிய என் பேர் தெரியும். அவர் கைவேலை என்று என்னிடம் வேறு எதுவும் இல்லை.

காரணம் எழுதினால் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவீர்கள் என்று கூசினேன். அந்தத் துண்டு எங்கே?

மது

காளிகாட்
15 செப்டம்பர்

மதுக்கண்ணு,

மிஸ்திரி அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டானாம். கடைக்காரன் ஒரு குவியலைக் காட்டி, தேடிக்கொள் என்றான். இரண்டு நாள் தேடினேன். கை கிழிந்தது, பெரிதாக ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் போனால் தரைதான் இருந்தது. எல்லாம் உருக்கப் போய்விட்டதாம்.

உன் பேரில் ஒரு எழுத்து மட்டும் கண்ணில் பட்டது என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். படவில்லை.

சேஷு மாமா

காளிகாட்
23 அக்டோபர்

மதுவுக்கு,

லாரிக்காரன் வந்தான். உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லையே, என்ன சொல்வது என்று தெரியாமல் அவனைத் திருப்பி அனுப்பினேன்.

நேற்று காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். புள்ளிகள் எல்லாம் ஒரே இடைவெளியில் இருக்கின்றன. எழுந்திருக்க மனசு வரவில்லை.

சேஷாத்ரி