கடைசி அத்தியாயத்தில் ஒரு திருத்தல்

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
9-6-1963, ஞாயிறு

என் பிரியமுள்ள புஷ்பமேரிக்கு அருள்நாதன் எழுதுவது. நான் சுகம். பெரம்பூரில் நீயும் ஜெயமேரி அக்காவும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டுமென்று இன்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டேன். நீ ஊருக்குப் போய் ஆறு வாரம் ஆகிறது.

உன் பாராட்டு விழாப் படம் பத்திரிகையில் வந்திருக்கிறது. பத்தாவது நாவலுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள், நீ என்னவோ பல் பிடுங்க வந்தவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாய். கீழே புஷ்பா அருள் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் ஒரே கேலி. பத்திரம் எழுதுகிறவன் பேரில் பாதி மெட்ராஸில் பொன்னாடை வாங்கிவிட்டதாம்.

ஐம்பத்திரண்டில், நமக்குக் கலியாணமான வருஷம், உன் முதல் கதையை நகல் எடுத்தது ஞாபகம் வந்தது. உன் கையெழுத்து உனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் புரியும் என்று அன்று நான் கையில் எடுத்த வேலை. அது இரண்டு தடவை திரும்பி வந்து மூன்றாம் தடவை அச்சேறியது. ஐம்பத்தாறில் உன் முதல் தொடர் வந்தபோது பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற டீச்சரம்மா காதல் கதை எழுதலாமா என்று கேட்டார். சரி சாமி, வீட்டில் சொல்கிறேன் என்று வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. இன்றுதான் சொல்கிறேன். அதற்குப் பிறகு ஒன்பது நாவல் ஆகிவிட்டது, அவருக்கும் மாற்றல் வந்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தொடரின் கடைசி அத்தியாயத்தை நீ படித்திருப்பாய். அது உன்னுடையது அல்ல என்று முதல் வரியிலேயே கண்டுபிடித்திருப்பாய். நான்தான் எழுதினேன்.

நீ புறப்பட்ட அவசரத்தில் விட்டுப்போன தாள்களில் கமலி பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போகிறாள். பழைய சிநேகிதன் சேகரன் மதுரையில் இருக்கிறான். அவள் ஏறுகிறாள், ரயில் நகர்கிறது, அத்தோடு தாள் தீர்ந்துவிட்டது. பதினோரு வருஷம் தப்புத்தண்டா இல்லாமல் குடித்தனம் செய்த புருஷன் ராகவன், ஒன்றும் தெரியாமல் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறான். அதை மூன்று நாள் தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கதைக்காக ஒரு மனுஷன் இப்படி ஆவானா என்று எனக்கே விளங்கவில்லை. நாலாம் நாள் கமலியை ரயிலை விட்டு இறக்கி வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். அவள் ராகவன் காலில் விழுந்து அழுகிறாள், அவன் மன்னிக்கிறான். அரைப் பக்கம் என்று ஆரம்பித்தது ஆறு பக்கம் ஆகிவிட்டது. உன்னைக் கேட்க நேரமில்லை என்று எழுத நினைத்தேன், அது பொய். தந்தி அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

ஆனால் ஊர் மெச்சுகிறது, அதையும் சொல்ல வேண்டும். எதிர்வீட்டு இன்னாசியம்மாள் பூசை முடிந்ததும் என்னை நிறுத்தி, இத்தனை வாரமும் பயப்படவைத்தாலும் உன் பெண்டாட்டி கடைசியில் குடும்பத்தைச் சேர்த்துவைத்துவிட்டாள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லெண்டிங் லைப்ரரி சனாவுல்லாதான் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏண்ணே, இது அக்கா எழுதின மாதிரி இல்லையே. மேற்படி கமலியை ராகவன் மனப்பூர்வமாய்ச் சம்மதித்து ஏத்துக்கிட்டான்னு போட்டிருக்கு. பொண்டாட்டிய மன்னிக்கிறானா, இல்ல வீடு கிரயம் வாங்குறானா?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. உன் கட்டில் விரிப்பைத் துவைத்துப் போட்டிருக்கிறேன். உனக்கு எப்போது சௌகரியமோ அப்போது வா, அவசரம் ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
உன் அருள்நாதன்


சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
23-6-1963, ஞாயிறு

பிரியமுள்ள புஷ்பமேரிக்கு,

உன் கார்டு பதின்மூன்றாம் தேதி கிடைத்தது. "கமலியை ஏன் காலில் விழவைத்தீர்கள்?" ஒரே வரி. சுகமா என்றுகூட இல்லை. இந்த ஒரு தடவை உன் கையெழுத்து எனக்கு நன்றாகப் புரிந்தது. தபால்காரர் பெருமாள்சாமி எப்போதும் ஏதாவது பேசிவிட்டுத்தான் போவார், அன்று கார்டைக் கொடுத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடத்து மதர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். நீ மூன்று மாதம் லீவு கேட்டு எழுதியிருக்கிறாயாம், உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரித்தார்கள். எனக்குத் தெரியும் மதர், ஒன்றுமில்லை என்று சொன்னேன். எனக்குத் தெரியாது, புஷ்பம். வெளியே வந்து சைக்கிளை எடுத்தவன் ஆபீசுக்குப் போகிற நினைப்பில் தாடிக்கொம்பு ரோட்டில் பாதி தூரம் போய்விட்டேன்.

பத்திரத்தில் ஒரு எழுத்தை அடித்தாலும், இன்ன பக்கம் இன்ன வரியில் திருத்தல் என்று முடிவில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். இருபது வருஷமாக அதில் நான் தவறியது கிடையாது. உன் கதையில் ஆறு பக்கத்தைத் திருத்திவிட்டு ஒரு கையெழுத்துப் போடவில்லை. கீழே உன் பேரைத்தான் எழுதினேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அந்த ரோட்டில்தான் உறைத்தது.

உனக்குப் பதில் எழுத அன்று சாயங்காலம் உன் மேஜையிலிருந்து ஒரு தாளை உருவினேன். பிள்ளைகளின் பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில்தானே நீ கதை எழுதுவாய். எழுதாத தாள்கள் என்று நான் ஒதுக்கிவைத்த கட்டு அது. மேலே அஞ்சாம் வகுப்புப் பெண் ஒருத்தி, சிறுமலையில் வாழையும் மிளகும் விளையும் என்று எழுதி இரண்டு மார்க் வாங்கியிருக்கிறாள். திருப்பினால் உன் கையெழுத்து. நீ கட்டி வைத்த அவசரத்தில் அந்த ஒரு தாள் மட்டும் குப்புற விழுந்திருக்கிறது. நான் திருப்பிப் பார்க்காமலே ஒதுக்கியிருக்கிறேன்.

கமலி மதுரைக்குப் போகவே இல்லை. அடுத்த ஸ்டேஷன் அம்பாத்துரையில் இறங்கி, பெட்டிமேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அழவில்லை, காலில் விழவில்லை. பெட்டியை ராகவன் எதிரில் வைத்துவிட்டு நிற்கிறாள். கடைசி வரியை அப்படியே எழுதுகிறேன்: "அவன் பேப்பரை மடித்துவைத்துவிட்டு அவளைக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. அதைக் கேட்பான் என்றுதான் அவள் திரும்பி வந்தாள்."

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. நீயே கூட்டிவந்தவளை நான் குறுக்கே புகுந்து இழுத்துவந்து அவமானப்படுத்தியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அதே சமயம் அவள் திரும்பி வந்தாளே என்று நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். அதற்கும் வெட்கமாக இருக்கிறது. ராகவன் நான்தானா, இல்லை நானாகத்தான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேனா என்று தெரியவில்லை. சேகரன் என்று நிஜமாகவே ஒருவர் உண்டா என்று கேட்க வாய் வருகிறது, கேட்காமலே இருந்துவிட்டால் நல்லது என்றும் இருக்கிறது. ஆபீசில் நேற்று ஒரு கிரயப் பத்திரத்தில் விற்பவர் பேரையும் வாங்குபவர் பேரையும் மாற்றி எழுதிவிட்டேன். நல்ல வேளை, பதிவுக்குப் போகும் முன் பார்த்தேன்.

ஒன்று மட்டும் செய்திருக்கிறேன். அந்தத் தாளைச் சுத்தமாக நகல் எடுத்து, ஒரு புள்ளியும் மாற்றாமல், பத்திரிகை ஆசிரியருக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். அச்சில் வந்தது நான் எழுதியது, அதில் என் மனைவிக்குச் சம்பந்தமில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வாசகர்களுக்கு வந்த முடிவுதான் பிடித்திருக்கிறது, ஆனால் புத்தகத்துக்கு எது என்று ஆசிரியைதான் சொல்லவேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறதாம். உன் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், உன் இஷ்டப்படி செய். வீட்டிலிருந்த என் ஆறு பக்கப் பிரதியை அடுப்பில் போட்டுவிட்டேன்.

ராகவன் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று என்று எழுதியிருக்கிறாய். அது எது என்று எழுதவில்லை. ஒரு வாரமாக அதையே யோசிக்கிறேன். எங்கே போயிருந்தாய் என்பதா? ஏன் போனாய் என்பதா? ஏன் திரும்பி வந்தாய் என்பதா? காலையில் ஒன்று சரி என்று படுகிறது, சாயங்காலம் அது இல்லை என்று படுகிறது. உன் பத்து நாவலையும் என் கையால் எழுதியவன், உன் மனதில் இருக்கிற ஒரு வரி பிடிபடாமல் உட்கார்ந்திருக்கிறேன். பதினோரு வருஷத்தில் உன்னை நான் என்னதான் கேட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறேன். இந்த வாரத்துக்கு எத்தனை பக்கம் என்று கேட்டிருக்கிறேன்.

அதனால் சரியான கேள்வி தெரியாமலே கேட்கிறேன், தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள். சனிக்கிழமை ரயிலில் நான் அங்கே வரட்டுமா? உன்னைக் கூட்டிவர அல்ல. அக்கா வீட்டில் ஒரு ஓரமாக உன் எதிரில் உட்கார்ந்து, நீ சொல்வதைக் கேட்க. வேண்டாம் என்றாலும் ஒரு கார்டு போடு.

தேவமாதா உன் பக்கத்திலேயே இருந்து உன்னைக் காப்பாளாக.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அருள்நாதன்