நடுவில் வைத்த புள்ளி

இன்று ஞாயிறு. பூசை முடிந்து வந்து சோறு வடித்து இறக்கி வைத்த நேரத்தில், உங்கள் மகள் குசினித் தரையில் கைடும் நோட்டுமாக உட்கார்ந்து ஓர் ஐங்கோணம் வரைந்தாள். வரைந்து, நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். அந்தப் புள்ளியைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது அக்கா. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, கல்லறையில் சிலுவைகூட நட்டாயிற்று, என் வயிற்றெரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். அம்மா இப்படித்தான் போடுவாள் என்றாள். தெரிந்துதான் கேட்டேன்.

நான் பி.காம்., நீங்கள் பத்தாம் வகுப்போடு நின்றவர். இந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக நீங்கள் வந்து பல வருஷம் கழித்து இளையவளாக நான் நுழைந்தபோது, எனக்கென்று மிச்சம் இருந்தது அந்த டிகிரி ஒன்றுதான். மீன் குழம்பு என்றால் உங்கள் கைதான். மாமிக்கு உங்கள் மேல்தான் உயிர். என் புருஷன்கூட விசைப்படகிலிருந்து வந்ததும் “மைனி எங்க?” என்றுதான் முதலில் கேட்பார். சரி, படிப்பாவது நம் பக்கம் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அதிலும் வந்து மண்ணைப் போட்டீர்கள்.

அரசு வேலைக்கான குரூப் ஃபோர் பரீட்சைக்குக் கைடு வாங்கி வந்து, குசினியில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பேன். பக்கத்தில் நீங்கள் நண்டு கழுவிக்கொண்டிருப்பீர்கள். ஒரு நாள், முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் நூற்றெண்பது பாகை என்று நான் பத்துத் தரம் உருப்போட்டதைக் கேட்டுவிட்டு, “அது எப்படிளா எல்லா முக்கோணத்துக்கும் ஒண்ணுபோல வரும்?” என்றீர்கள். வரும், அவ்வளவுதான் என்றேன். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு, நாள்காட்டித் தாளில் கோணல்மாணலாக ஒரு முக்கோணம் வெட்டினீர்கள். மூன்று மூலைகளையும் கிழித்து, முனைகள் ஓரிடத்தில் சேரும்படி அரிவாள்மணைப் பலகையின் ஓரத்தில் அடுக்கினீர்கள். இம்மி பிசகாமல் நேர்கோடு. ஒல்லியாக இன்னொன்று வெட்டினீர்கள், அதுவும் நேர்கோடு. “இம்புட்டுத்தானா?” என்று சிரித்தீர்கள். பதினைந்து வருஷம் பள்ளியிலும் காலேஜிலும் பெஞ்சு தேய்த்தவள் நான், ஒரு தாளைக் கிழித்துப் பார்க்கத் தோன்றவில்லையே என்று அன்றைக்கெல்லாம் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது பலகோணம். எனக்குச் சூத்திரம் தெரியும். பக்கங்களின் எண்ணிக்கையில் இரண்டைக் கழித்து நூற்றெண்பதால் பெருக்க வேண்டும். ஐங்கோணத்துக்கு ஐந்நூற்று நாற்பது. நீங்கள் சூத்திரத்தைக் காதில் வாங்கவே இல்லை. ஐங்கோணத்தின் நடுவில் புள்ளி வைத்து, அங்கிருந்து ஐந்து மூலைக்கும் கோடு இழுத்து, ஐந்து முக்கோணம், அப்போது தொள்ளாயிரம்தானே என்றீர்கள். தப்பு என்று சொன்னபோது எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? எங்கே தப்பு என்று கேட்டீர்கள். அது எனக்குத் தெரியவில்லை. சூத்திரத்துக்கு ஒத்துவரவில்லை, அதனால் தப்பு என்றேன்.

மறுநாள் காலை நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது தாளோடு வந்து நின்றீர்கள். “ஏளா, இங்கன பாரு. புள்ளியச் சுத்தி இருக்க கோணம் மூலைக் கோணமே இல்லல்லா. அது ஒரு முழுச் சுத்து. முந்நூத்தறுபதக் கழிச்சிரு.” கழித்தேன். ஐந்நூற்று நாற்பது. வாயில் நுரையோடு உங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். மீனுக்குச் செதில் உரசுகிற நேரத்தில் யோசித்தே கண்டுபிடித்துவிட்டீர்கள். அன்று சாயங்காலம், நானும் பரீட்சை எழுதிப் பார்க்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள்.

மாமி படுக்கையில் விழுந்திருந்த காலம் அது. இரண்டு மருமகள்களில் ஒருத்திதான் வேலைக்குப் போக முடியும், மற்றவள் வீட்டில் இருந்தாக வேண்டும். வாய்விட்டுச் சொல்லாமலே நம் இருவருக்கும் அது தெரியும். எழுதினால் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று, மாமியை விட்டு நகர முடியாமல், உங்கள் மார்க் ஷீட்டையும் போட்டோவையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கையில் தந்தீர்கள். தெருமுனை பிரௌசிங் சென்டரில் என்னுடையதை முடித்ததும், கடைக்கார அண்ணாச்சி அடுத்தது யாருக்கு என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன். பிறகு துறைமுகத்துக்குப் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டு ரோட்டோரமாகவே நின்றேன். இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்து, சர்வர் போய்விட்டது, என்னுடையது மட்டும்தான் ஏறியது என்றேன். “போனாப் போவுது, ஒனக்காவது ஏறிச்சே” என்று சொல்லிக் கவரை வாங்கி பீரோவில் வைத்தீர்கள்.

அதற்கப்புறம் பரீட்சை வரைக்கும் மூன்று மாதம் என்னை வறுத்து எடுத்தீர்கள். சோறு வடிக்கும்போது அறுகோணம், துணி காயப்போடும்போது எண்கோணம். பரீட்சையில், ஒன்பது பக்கமுள்ள ஒழுங்கு பலகோணத்தின் ஓர் உட்கோணம் என்ன என்று கேட்டிருந்தார்கள். கழிக்க வேண்டியது ஒன்றா இரண்டா என்று சூத்திரம் மறந்துபோயிற்று. வேறு வழியில்லாமல் நடுவில் புள்ளி வைத்தேன். ஒன்பது முக்கோணம், ஆயிரத்து அறுநூற்று இருபது. ஒரு முழுச் சுற்றைக் கழித்து ஒன்பதால் வகுத்தால் நூற்று நாற்பது. உங்களைத் திட்டிக்கொண்டேதான் விடை வட்டத்தைக் கறுப்பாக்கினேன்.

நான் தேர்வாகி வேலைக்குப் போன முதல் நாள், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னீர்கள்: “அந்த அண்ணாச்சி மறுநாளே சொல்லிட்டாரு, சர்வர் நல்லாத்தான் ஓடிச்சுன்னு. சீலா மீன் பொரிச்சு வச்சிருக்கேன். ஆறுறதுக்குள்ள தின்னுரு.”

மறுநாளே! அப்படியென்றால் அந்த மூன்று மாதமும் தெரிந்தேதான் சொல்லித் தந்திருக்கிறீர்கள். பஸ்ஸில் அழுதேன். செய்ததை நினைத்து வருந்தி அழுதேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வார்த்தை ஏசியிருக்கக் கூடாதா, இதிலாவது என்னைவிடக் கீழே இறங்கி வந்திருக்கக் கூடாதா என்று ஆத்திரத்தில் அழுதேன். அதன் பிறகு எட்டு வருஷம் ஒரே குசினியில் புழங்கினோம், நீங்களும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. போன வருஷம் மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டீர்கள். மன்னிப்பு என்று ஒன்று கேட்கவே இல்லை நான். மாமி இன்னும் படுக்கையில்தான் இருக்கிறார். உங்கள் பெயர் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார், நான் திரும்பிப் பார்த்ததும் முகம் சுண்டிப்போகிறது.

காலேஜ் முடித்த உங்கள் மகள்தான் பகலில் அவரைப் பார்த்துக்கொள்கிறாள். அவளும் வேலைக்குப் போய்விட்டால் என் வேலை என்ன ஆகும் என்று யோசிக்காமல் இல்லை. அவளுடைய குரூப் ஃபோர் விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி நாள். சாப்பிட்டு முடித்ததும் என் லேப்டாப்பில் நான்தான் நிரப்பினேன். தாய் பெயர் என்ற கட்டத்தில் உங்கள் பெயரை அடித்தேன். ஓடிபி வந்தது, ஆறு எண்ணையும் வாசித்துச் சொன்னாள். கடைசிப் பட்டனுக்கு மேல் என் விரல் அப்படியே நின்றுவிட்டது. எழுதினால் இவளும் ஜெயிப்பாள். பொறாமை வைத்த இடத்திலேயே இருக்கிறது அக்கா, ஓர் அங்குலம்கூட நகரவில்லை. சாகும் வரை அதைத்தான் சுமக்கப்போகிறேன், கூடவே அந்த டிபன் பாக்ஸ் வாசத்தையும்.

“என்ன சித்தி, சர்வர் ஓடலையா?” என்று கேட்டாள்.

“நல்லாத்தான் ஓடுதுளா” என்றேன். அழுத்தினேன்.