மாமா சொல்லச் சொன்னது

என் தங்கமான அக்காவுக்கு,

இதைக் கேட்க நீ இல்லையே.

பாப்பா ஒட்டிய விரல்களோடும் பழுதான இதயத்தோடும் பிறந்தபோது நர்ஸ் உன்னிடம் முதலில் என்ன கேட்டாள்? "சகே மாமா சே ஷாதி கீ க்யா?" சொந்தத் தாய்மாமனையா கட்டினாய் என்று. அன்றே உன் முகம் செத்துவிட்டது. பரிசோதனையில் எல்லா ஜீனும் சரியாக இருக்கிறது என்றார்கள். அப்படியென்றால் உறவுக்குள் கட்டியதுதான் காரணம் என்று நீயே முடிவு கட்டினாய்.

பாப்பாவை அடக்கம் செய்த அன்று சொன்னாயே, "உன்னக் கட்டுனதுதான் மாமா, எம்புள்ளய முழுங்கிடுச்சு" என்று. அதன் பிறகு அவரிடம் நீ பேசவே இல்லை. டெங்குவில் சாகக் கிடந்தபோதும் அவர் கையால் தண்ணீர் வாங்கவில்லை. அவ்வளவு பிடிவாதமா, பாவி?

பாப்பாவைப் பார்த்த டாக்டரம்மா மட்டும் விடவில்லை. உங்கள் மூன்று பேரிடமும் எடுத்து வைத்திருந்த ரத்தத்தை வேறு விதமாகச் சோதித்துவிட்டு, போன வாரம் மாமாவையும் என்னையும் கூப்பிட்டார். ஜீன் எதுவும் கெடவில்லையாம். ஒரு ஜீனுக்கும் பக்கத்து ஜீனின் சுவிட்சுக்கும் நடுவே டி.என்.ஏ.வில் ஓர் எல்லை உண்டு. பாப்பாவுக்கு அந்த எல்லைத் துண்டு இல்லை. அதனால் பக்கத்துச் சுவிட்ச், சும்மா கிடக்க வேண்டிய ஜீனை வேலை செய்ய வைத்து, விரலையும் இதயத்தையும் கெடுத்துவிட்டது.

மாமா என்னைப் பார்த்தார். "எங்க ராணுவ டிப்போல, ஒண்ணு வெடிச்சா மத்தது வெடிக்காம இருக்க, ரெண்டு வெடிமருந்து ஷெட்டுக்கு நடுவுல மண்மேடு போட்டிருப்பாங்களே, அது மாதிரியா?"

ஆமாம் என்றேன்.

"அந்த மேட்ட யாரு எடுத்தா? நானா?"

யாருமே எடுக்கவில்லை, அக்கா. உன் ரத்தத்திலும் அந்த எல்லை இருந்தது, அவர் ரத்தத்திலும் இருக்கிறது. பாப்பாவுக்குத்தான் புதிதாக விட்டுப்போனது. நீ யாரைக் கட்டியிருந்தாலும் இது நடந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா.

மாமாவுக்கு மனசு லேசாகும் என்று நினைத்தேன். எங்கே! நம்ம தேஹு ரோடு ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கும்போது சொன்னார்: "இத அவகிட்ட நீயே சொல்லிடும்மா. நான் சொன்னா அவ கேக்க மாட்டா."

அதனால்தான் எழுதுகிறேன். போன திதிக்கு உன் படத்துக்கு முன்னால் வரப் பயந்து, மனுஷன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். இந்தத் திதிக்குக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருவேன். உனக்கு அவர் கையால்தான் தண்ணீர் வைப்போம். இந்த முறை வாங்கிக்கொள், அக்கா.

உன் தங்கச்சி,
அவருக்கும் அக்கா மகள்.