கேரியரின் அடி அடுக்கில் குண்டிக்காய்

அக்கா,

போன வாரம் மகன் ஒரு பாட்டில் சோயா சாஸ் கொண்டுவந்தான். மெட்ராஸ் பக்கம் ஜப்பான் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அங்கே யாரோ கொடுத்தார்களாம். மூடியைத் திறந்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

எழுபதுகளின் கடைசியில் ஜப்பானிலிருந்து மலை சுற்ற வந்தவர், அடி அண்ணாமலையில் அறை எடுத்துத் தங்கிவிட்டீர்கள். நான் பெருக்கித் துடைக்க வந்தவள். "நேத்து உங்க வீட்டுல என்ன வாசனை?" என்று ஒருநாள் கேட்டீர்கள். மாட்டுக்கறி என்று சொல்லி வேலையைத் தொலைக்க எனக்கென்ன பைத்தியமா? "கத்திரிக்காய்ங்க" என்றேன். கறி வாசனை தெரியாதவரா நீங்கள், விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

மறுவாரமே எங்கள் வீட்டு அடுப்பின் முன்னால் குந்திக்கொண்டு, நீங்கள் முதலில் கிட்னி என்று சொன்ன மாட்டுக் குண்டிக்காயைப் பிளந்து, உள்ளே இருந்த வெள்ளையை எல்லாம் அறுத்தெடுத்து, நாற்றம் போகும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி அலசினீர்கள். மெல்லிசாக நறுக்கி, இஞ்சி போட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த கறுப்பு சாஸை ஊற்றி வதக்கினீர்கள். மிளகாய் இல்லாத கறியா என்று முகம் சுளித்த என் வீட்டுக்காரர்தான் கடைசியில் சட்டியை வழித்தார். "எங்க அம்மா இப்படித்தான் செய்வாங்க" என்றீர்கள். அம்மாவைப் பற்றி அதற்கு மேல் நீங்கள் பேசியதில்லை.

அப்புறம் அந்தக் காய்ச்சல். கஞ்சிகூட இறங்கவில்லை. "ஏதாச்சும் சாப்பிட்டாத்தான் தேறுவாங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். என்ன வேணும்க்கா என்று கேட்டேன். "குண்டிக்காய்" என்றீர்கள்.

சாஸ் தீர்ந்து மாதக்கணக்கு ஆகியிருந்தது. காலி பாட்டிலைத் தூக்கிப் போட மட்டும் நீங்கள் விடவில்லை. அதில் வெந்நீர் ஊற்றிக் குலுக்கி, அந்தத் தண்ணீரில்தான் வதக்கினேன். கேரியரில் அதை அடியில் வைத்து, மேலே ரசம் சோறு வைத்து எடுத்து வந்தேன். அந்த வீட்டில் கறி கூடாது. ஓனரம்மா வாசலிலேயே நின்றார்.

"என்னாம்மா கேரியர்ல?"

"கத்திரிக்காய்ங்க."

உள்ளே படுத்திருந்த நீங்கள் சிரித்தது எனக்குக் கேட்டது. சிரிக்கிற ஆள் பிழைத்துக்கொள்வார் என்று நம்பிவிட்டேன், அக்கா.

ஒரு துண்டை வெகுநேரம் மென்றீர்கள். "உப்பு கம்மி" என்றீர்கள். என்னிடம் கற்றுக்கொண்ட பேச்சு. பிறகு இன்னொரு துண்டுக்கு வாய் திறந்தீர்கள். அதுதான் நீங்கள் கடைசியாகச் சாப்பிட்டது.

நேற்று செய்தேன். பாட்டில் நிறைய சாஸ் இருக்க, ஒரு சொட்டை எடுத்து வெந்நீரில் கலந்துதான் ஊற்றினேன்.

"உப்பு கம்மியா இருக்குதே அத்தை" என்றாள் மருமகள்.

"ஆமாம்மா" என்றேன். மேற்கொண்டு ஊற்றவில்லை.