அக்காவின் சுவர்

மே 4
என் தேனீப் பெட்டியில் இளம் ராணியின் முதல் குஞ்சுகள் இன்று வெளிவந்தன. பாதி மஞ்சள்.
கறுப்புத் தேனீ இந்த மண்ணில் பிறந்தது. இப்போது எங்கள் தெருவில் மட்டும்தான் மிச்சம். கறுப்பு ராணி மஞ்சள் ஆண் ஈயோடு கூடினால் பிறப்பது இரண்டுங்கெட்டான். அதைத் தவிர்க்கத்தானே தெருவே மஞ்சள் ஈப் பெட்டிகளை விற்றது? பிறகு இவை எங்கிருந்து வந்தன?
இளம் ராணியை விரலால் நசுக்கினேன். சத்தமே இல்லை.

மே 6
எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம், அவர் தேனீப் பெட்டியைத் திறந்து காட்டுவாரா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.
"பெட்டியோட நிறுத்திக்கிறியா, பீரோவையும் தொறந்து காட்டவா?"
வெட்கமாகிவிட்டது. ஆனால் அந்த இளம் ராணியைப் பெற்ற கிழ ராணிக்கு இது கடைசிக் காலம். அவள் போவதற்குள் கலப்பில்லாத ஒரு மகள் வேண்டும்.

மே 11
மழை. பெட்டிகள் மௌனம்.

மே 13
ஒரு மஞ்சள் ஈயின் முதுகில் மாவு தூவிப் பின்னாலேயே ஓடினேன். வெள்ளைப் புள்ளி வேலி தாண்டவில்லை. திரும்பி வந்தது. அக்கா அறையின் ஜன்னலுக்குக் கீழே, பலகை இடுக்கில் நுழைந்தது.
நம் வீடு.

மே 14
அத்தான் இறந்ததிலிருந்து அக்கா அந்தப் பலகைச் சுவரில் முதுகை ஒட்டித்தான் தூங்குகிறாள். கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல்காரன் நெற்றி போலச் சூடு; உள்ளே மெல்லிய ரீங்காரம்.
"உனக்குத் தெரியுமா?"
"தெரியும்."
"ஏன் சொல்லல?"
"சொன்னா எடுத்துடுவ."
தெருவையே சந்தேகப்பட்டேனே! கூடப் பொறந்தவ, ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

மே 20
பேச்சில்லை. தட்டுகள் மட்டும் பேசிக்கொள்கின்றன.

மே 23
அக்காவே வந்தாள். "எடுத்துக்கோ. ஆனா காலிச் சுவர் பக்கத்துல எனக்குத் தூக்கம் வராது. உன் கறுப்பியக் கொண்டாந்து குடி வை."

மே 25
தச்சர் பலகைகளைக் கழற்றினார். உள்ளே தேனடைகள் சுவர் முழுக்கப் பரவியிருக்கவில்லை. ஒருக்களித்துப் படுத்த ஓர் ஆளின் அளவில் — தோள், வளைந்த முதுகு, மடக்கிய முழங்கால். குஞ்சுகளுக்குச் சூடு கிடைத்த இடத்தில் மட்டும் கட்டியிருக்கின்றன. அப்படித்தான் இருக்க வேண்டும். வேறென்ன?
தச்சர் உளியைக் கீழே வைத்தார். "என்னம்மா இது, உங்கள அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு!"
அக்கா சிரித்தாள்.
மஞ்சள் கூட்டத்தை வெளியூர்த் தேன் வியாபாரி கொண்டுபோனார். கிழ ராணியையும் அவள் கூட்டத்தையும் சுவருக்குள் விட்டு மூடினோம்.

டிசம்பர் 19
கொடுங்குளிர். தையல்காரம்மாவின் கறுப்புப் பெட்டியில் ஒரு கைப்பிடி ஈக்கள்தான் உயிரோடு. சுவர் மட்டும் சூடு குறையவில்லை.
அக்கா சாப்பிடக்கூட எழ மறுக்கிறாள்.
"நான் எந்திரிச்சா அதுங்க குளுந்துடும்டா."

ஜனவரி 8
அக்காவுக்குக் கஞ்சியைக் கட்டிலுக்கே கொண்டுபோனேன். தேன் வாசனை. சுவரிலிருந்து இல்லை, அவள் மூச்சிலிருந்து.

ஏப்ரல் 27
கிழ ராணி போய்விட்டாள். அவள் மகளின் குஞ்சுகள் இன்று இடுக்கு வழியாக வெயிலுக்கு வந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாமே கறுப்பு. தையல்காரம்மா ஜன்னலிலிருந்து கைதட்டினார்.
அக்காவிடம் சொல்ல ஓடினேன். சுவரை விட்டு விலகி, கட்டிலின் நடுவில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பலாமென்று முதுகில் கை வைத்தேன்.
உள்ளே அதே ரீங்காரம்.
எழுப்பவில்லை. போர்வையை மட்டும் இழுத்துவிட்டேன். குளிரக் கூடாது.